ஒடெற்றாவின் குரலில் டிலான் பாடல்கள்

ஒரு பாடகர் பிறிதொருவரின் பாடல்களை மட்டும் தெரிந்து ஓர் இசைத்தட்டை நிரப்பும்போது அதனை வெறும் மறுபதிப்பாகக் கொள்வதே வழக்கம். 1965இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஒடெற்றா பாடும் டிலான்’ இவ்வழக்கத்தை ஐயுறுமாறு எம்மைத் தூண்டுகின்றது.

ஒடெற்றா 1930இல் அலபாமாவின் பேர்மிங்ஹாம் நகரிற் பிறந்த கறுப்பினப் பெண். மேனாட்டுச் சாஸ்திரீயக் குரற்பயிற்சி பெற்றவர். எனினும் அவர் தமக்கென வரித்துக்கொண்டவை கைதிகளினதும் உழைப்பாளரினதும் பாடல்களே. அவரது 1956ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்ட பின்னரே தாம் மின்கிற்றாரைக் கைவிட்டதாக டிலான் 1978இல் ஒரு நேர்காணலிற் கூறியுள்ளார். ஆயின் இங்கு கடன்பட்டவர் யார்? இசைத்தட்டு வணிகம் பாடலை இயற்றியவருக்கே உரிமை எழுதும். ஒரு சமூகம் தலைமுறைகளாகப் பேணிவந்த பாடும் முறைக்கு எவரும் உறுதி முடிப்பதில்லை.

எல்லாப் பாடல்களும் சிறந்தன என்பதற்கில்லை. ‘மிஸ்ரர் ரம்பரின் மான்’ பத்து நிமிடங்களுக்கு மேல் நீள்கின்றது. டிலானின் பாடலிலும் ஏறத்தாழ இருமடங்கு. அதன் துள்ளல் (எமது செவிக்கேனும்) கனத்துப்போகின்றது.

‘மாஸ்ரர்ஸ் ஒவ் வோர்’ அவ்வாறன்று. 1963இல் டிலான் அதனைப் பதிவுசெய்தபோது அது இருபத்தொரு வயது இளைஞனின் சினம். அவ்வாண்டு ஓகஸ்ற் மாதத்து வாஷிங்ரன் பேரணியிற் பாடிய ஒடெற்றாவின் குரலில், யுத்த வணிகருடன் தோட்ட முதலாளியும் சிறைக் கண்காணியும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றனர்.