முகமூடிக்குள் பழைய கேப்டன்

1977-ல் ஆஸ்திரேலிய கிரிக்கெட்டின் கூடாரமே காலியாகிவிட்டது. தொலைக்காட்சி முதலாளி கெர்ரி பேக்கர் பணத்தைக் காட்டி முன்னணி ஆட்டக்காரர்களைத் தன் தனித் தொடருக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டார். இந்திய அணியோ சுற்றுப்பயணத்துக்கு வந்து இறங்குகிறது. தேர்வாளர்கள் என்ன செய்வார்கள்? பத்து வருடமாக டெஸ்ட் ஆடாத, 41 வயது பாப் சிம்ப்சனைத் தேடிப் பிடித்துக் கேப்டன் ஆக்கினார்கள். மனிதர் பெர்த்தில் 176 அடித்தார். தொடர் முழுக்க 539 ரன். 3-2 என்று ஆஸ்திரேலியா வென்றது. அந்த இடத்தில் மட்டையைக் கீழே வைத்திருக்கலாம். அதே கையோடு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். தொடரும் போனது, அவர் பேட்டும் பேசவில்லை.

2024 ஜூலை 27 அன்று சான் டியேகோ காமிக்-கான் மேடையில் பச்சை அங்கியும் இரும்பு முகமூடியுமாக ஒரு கூட்டம் நின்றது. அதிலிருந்து ஒருவர் முன்னே வந்து முகமூடியைக் கழற்றினார். அயன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர், இப்போது டாக்டர் டூம் என்ற வில்லனாக! அரங்கம் அலறியது. எனக்கு சிம்ப்சன் ஞாபகம் வந்தார்.

இந்தப் பத்தியில் வழக்கமாக கிரிக்கெட்தான் அலசுவேன். இந்த வாரம் ‘அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே’. 2026 டிசம்பர் 18 என்று தேதி குறித்திருக்கும் இந்தப் படத்தையும் ஒரு பெரிய மேட்சுக்கு முந்தைய நாள் மாதிரித்தான் பார்க்க முடிகிறது.

மார்வெல் அணியின் ஃபார்ம் சரியில்லை என்பது ஊரறிந்த விஷயம். 2019-ல் ‘எண்ட்கேம்’ சுமார் 279 கோடி டாலர் குவித்தது. நாலே வருடத்தில் ‘தி மார்வெல்ஸ்’ 20 கோடியைத் தொட்டதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. 2025-ல் வந்த மூன்று படங்களில் ஒன்றுகூட 60 கோடியைத் தாண்டவில்லை. இவற்றுக்கு நடுவே 2024-ல் சிக்ஸர் அடித்தது ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ மட்டும்தான், 130 கோடிக்கு மேல். ‘லோகன்’ படத்தில் செத்துப்போன வுல்வரின் வேடத்துக்கு ஹ்யூ ஜாக்மேனை மறுபடி கூட்டிவந்த படம் அது. ‘பழைய ஆட்களைக் கூப்பிட்டால் மைதானம் நிரம்பும்’ என்ற பாடத்தைத்தான் தேர்வாளர்கள் அதிலிருந்து படித்திருப்பார்கள். பேக்கர் விவகாரம் போல இங்கும் ஒன்று நடந்தது. அடுத்த பெரிய வில்லன் காங் என்று திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். அந்த வேடம் போட்ட ஜோனதன் மேஜர்ஸ் 2023 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று தீர்ப்பானதும் நீக்கப்பட்டார். ‘தி காங் டைனஸ்டி’ என்ற தலைப்பு போய் ‘டூம்ஸ்டே’ வந்தது.

டவுனி திரும்பி வருவதில் எனக்குச் சங்கடமில்லை. பழைய கேப்டன் எதிரணி ஜெர்சியில் வந்து நிற்கிறாரே, அந்த ஜெர்சியின் மரியாதையைக் காப்பாற்றுவாரா என்பதுதான் கவலை. ஏனென்றால் டாக்டர் டூம் சாதாரண வில்லன் இல்லை. 1962-ல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ ஐந்தாவது இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் உருவாக்கியவர். லாட்வேரியா என்ற குட்டி நாட்டின் அரசர், விஞ்ஞானி, மந்திரவாதி. கல்லூரி நாளில் சக மாணவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அவருடைய கணக்கில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். அகம்பாவத்தில் டூம் அதைக் காதில் வாங்காமல் சோதனையை நடத்தினார். கருவி வெடித்தது, முகம் கெட்டது. அந்தப் பழியையும் ரீட் தலையிலேயே போட்டுவிட்டு ஆயுள் முழுக்க வன்மம் வளர்த்தார். உண்மையில் ஒரு சின்னத் தழும்புதான் இருந்திருக்கும், கர்வம்தான் அதைப் பெரிதாக்கியது என்பது கர்பியின் எண்ணம். வில்லனைப் பற்றி இதைவிட நுட்பமான யோசனையை நான் காமிக்ஸில் பார்த்ததில்லை.

1989-ல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி மைக் மிக்னோலா வரைந்த ‘ட்ரையம்ஃப் அண்ட் டார்மென்ட்’ என்ற கதையைத்தான் டூம் ரசிகர்கள் சாமி படம் மாதிரி வைத்திருப்போம். டூமின் அம்மாவின் ஆன்மா நரகத்தில் மெஃபிஸ்டோவிடம் சிக்கியிருக்கிறது. அதை மீட்க டாக்டர் ஸ்ட்ரேஞ்சைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகிறார். போன இடத்தில், அம்மாவுக்குப் பதிலாக ஸ்ட்ரேஞ்சை வைத்துக்கொள் என்று பேரம் பேசுகிறார். மகன் இவ்வளவு கேவலமானவனா என்று அம்மா அருவருத்து, இந்த விலைக்குக் கிடைக்கும் விடுதலை வேண்டாம் என்று மறுக்கிறாள். அந்த மறுப்பே அவளை விடுவித்துவிடுகிறது. அம்மா விடுதலையானாள், மகனை வெறுத்தபடியே. இது இப்படித்தான் முடியும் என்று கணக்குப் போட்டுத்தான் டூம் அந்தப் பேரத்தையே பேசியிருக்கிறார்.

இப்படிப்பட்ட ஆட்டக்காரருக்குத் திரையில் இதுவரை ஒரு முழு இன்னிங்ஸ்கூட கிடைக்கவில்லை. 1994-ல் ரோஜர் கோர்மன் தயாரித்த படம் தியேட்டருக்கே வரவில்லை. 2005-ல் ஜூலியன் மெக்மேகனைக் கோட்டு சூட்டு போட்ட தொழிலதிபர் ஆக்கினார்கள். 2015-ல் டோபி கெபல் வந்த சுவடு தெரியாமல் போனார். மூன்றும் டக் அவுட்.

இப்போது நான்காவது வாய்ப்பில் அயன் மேன் டோனி ஸ்டார்க்கின் முகத்தையே மாட்டியிருக்கிறார்கள். ‘வேறொரு பிரபஞ்சத்தில் டோனி கெட்டவனாகியிருந்தால்’ என்று கதையைத் திருப்பிவிட்டால் அம்மா, லாட்வேரியா, தழும்பு எல்லாம் ஒரே பந்தில் போல்டு. அயன் மேன் படங்களில் கேமரா ஹெல்மெட்டுக்குள் புகுந்து டவுனியின் முகத்தைக் காட்டிக்கொண்டே இருக்கும். கண்ணாலும், வேகமாக முணுமுணுக்கும் நக்கலாலும் அவர் ரன் எடுத்தது அங்கேதான். டூமுக்கு இரண்டும் ஆகாது. நக்கல் அடிக்காமல், தன்னையே ‘டூம்’ என்று படர்க்கையில் சொல்லிக்கொள்ளும் ஆள் அவர். கழுத்து, கை, குரல், நடை, இவை நான்கும்தான் கையில் உள்ள ஷாட். ‘ட்ரெட்’ படத்தில் கார்ல் அர்பன் கடைசிவரை ஹெல்மெட்டைக் கழற்றாமல் நடித்துக் காட்டினார். ஆனால் இவ்வளவு விலை உயர்ந்த முகத்தை மூடிவைக்க எந்தத் தயாரிப்பாளருக்கு மனசு வரும்?

தமிழில் பார்ப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ‘எண்ட்கேம்’ தமிழ்ப் பதிப்புக்கு ஏ.ஆர். முருகதாஸ் வசனம் எழுதினார், டோனிக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அந்தக் குரலை வைத்து ரசிகர்கள் போட்டுக்கொண்ட சண்டை மறந்திருக்காது. டூம் முகமூடியை மூடியே வைத்திருந்தால் தமிழ்ப் பதிப்பில் டவுனியின் முகமும் இருக்காது, குரலும் இருக்காது. அப்போது டூம்தான் ஆட வேண்டும், டவுனி இல்லை. ஒருவகையில் நமக்குத்தான் நியாயமான டூம் கிடைப்பார்!

டவுனியால் முடியும் என்ற என் நம்பிக்கைக்கு ஆதாரம் ‘ஓப்பன்ஹைமர்’. 2024 மார்ச்சில் டவுனிக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த லூயிஸ் ஸ்ட்ராஸ் வேடத்தை நினைத்துப் பாருங்கள். பொது விசாரணையில் ஓப்பன்ஹைமர் அடித்த ஒரு கிண்டல், ஐன்ஸ்டைன் முகம் கொடுக்காமல் நடந்துபோன ஒரு கணம், இந்த இரண்டையும் வருடக்கணக்கில் நெஞ்சில் ஊறப்போட்டு ஒரு மனிதரையே கவிழ்க்கிறார் ஸ்ட்ராஸ். கணக்கில் பிழை சொன்ன ரீட் மீது டூம் வளர்க்கும் வன்மமும் இதே ரகம். அவையில் எல்லோரும் சிரிக்கும்போது டவுனியின் தாடை இறுகும் பாருங்கள், அந்தத் தாடைக்கு மேல் ஓர் இரும்புத் தகட்டைப் பொருத்தினால் டூம் தயார். டோனியை மறந்துவிட்டு ஸ்ட்ராஸை எடுத்து வந்தால் போதும்.

பயிற்சியாளர்கள், அதாவது இயக்குநர்கள், ரூஸோ சகோதரர்கள். ‘சிவில் வார்’ விமான நிலையச் சண்டையில் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஓவர் கொடுத்தவர்கள். ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தை வில்லன் தானோஸின் படமாகவே எடுத்தவர்கள். அதன் பிறகான ஆட்டங்கள் சுமார்தான். ‘தி கிரே மேன்’ படத்தில் தனுஷ் வந்துபோன கொஞ்ச நேரம் எனக்கு நினைவிருக்கிறது, மிச்சம் இல்லை. ‘தி எலெக்ட்ரிக் ஸ்டேட்’ பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. தானோஸை மார்வெல் 2012-ல் தலையைக் காட்டவைத்து ஆறு வருடம் ஏங்கவிட்டது. டூமுக்கு 2025 ஜூலையில் ‘ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ்’ படத்தின் முடிவில் ஒரு முதுகும், கையில் முகமூடியும் மட்டும். வார்ம்-அப்புக்கு நேரமே இல்லை. முதலில் 2026 மே 1 என்று சொன்னதைத் தள்ளிப்போட்டது எழுத்துக்காகவென்றால் சந்தோஷம்.

பெஞ்சிலோ இடமில்லை. 2025 மார்ச்சில் நாற்காலி நாற்காலியாகக் காட்டி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுத்து 27 பெயர்களை அறிவித்தார்கள். பேட்ரிக் ஸ்டூவர்ட், இயன் மெக்கெல்லன் என்று எக்ஸ்-மென் சீனியர்களும் உண்டு. அதுவும் போதாதென்று கிறிஸ் எவான்ஸ் கேப்டன் அமெரிக்கா ஸ்டீவ் ராஜர்ஸாகத் திரும்புகிறார். கேடயத்தைத் தன் கையால் சாம் வில்சனிடம் கொடுத்துவிட்டு ஓய்வுபெற்றவர் அவர். புது கேப்டனுக்கு ஒரே ஒரு படம் கொடுத்துவிட்டு பழைய கேப்டனை மறுபடி டிரெஸ்ஸிங் ரூமுக்குள் கூட்டிவந்தால், அந்தப் பையன் ஃபீல்டிங் எப்படி நிறுத்துவான்? இந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காத தேர்வு டவுனி இல்லை, இதுதான்.

இத்தனையும் சொன்ன பிறகு அக்கா மகன் கேட்டான், “அப்ப முதல் ஷோவுக்கு வரமாட்டீங்களா மாமா?” வராமல்? ஒரு பந்தயமும் கட்டியிருக்கிறோம். டூம் எத்தனை முறை முகமூடியைக் கழற்றுவார்? மூன்று என்கிறான் அவன். ஒன்று என்கிறேன் நான், அதுவும் கடைசி ஓவரில். தோற்பவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அவன் இப்போதே மட்டன் என்று சொல்லி வைத்துவிட்டான்.