மரணமும் சந்தையும்: மரிலின் மன்றோவின் இறப்புப் பற்றிய எழுத்துகள் - ஒரு நோக்கு

1962 ஓகஸ்ட் 5 ஆம் நாள் அதிகாலை, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் பிரென்ற்வூட் பகுதியிலிருந்த தமது வீட்டின் படுக்கையறையிலே நடிகை மரிலின் மன்றோ இறந்து கிடக்கக் காணப்பட்டார். அவருக்கு அப்பொழுது வயது 36. அன்று தொடங்கி இற்றைவரை இவ்விறப்பினைப் பொருளாகக் கொண்டு எழுந்துள்ள எழுத்துகள், அவருடைய நடிப்பினைப் பற்றிய எழுத்துகளையே மறைத்து நிற்குமளவுக்குப் பெருகியுள்ளன. அவரைக் கொன்றவர் யார் என்னும் வினாவுக்கு விடை காண்பது எமது நோக்கமன்று. அவ்வினா எவ்வாறு தோன்றியது, யாருக்குப் பயன்பட்டது, எதனை மறைத்தது என்பனவே இங்கு எமது கவனத்துக்குரியன. அரசே அவரைக் கொன்றது எனக் கூறும் எழுத்துகளை, அவை அதிகார பீடத்தைச் சாடுகின்றன என்ற ஒரே காரணத்துக்காக ஏற்றுக்கொள்ளும் மனப்பாங்கு முற்போக்கு வாசகரிடத்தும் இல்லாமலில்லை. அதனாலேயே இவ்வாய்வு வேண்டற்பாலதாகின்றது.

முதலில் ஐயங்களுக்கு இடமளித்த செய்திகளை நோக்குவோம். வீட்டுப் பொறுப்பிலிருந்த யூனிஸ் மறே தாம் அறையில் விளக்கெரிவதைக் கண்டு ஐயுற்ற நேரத்தினை ஒரு முறை நள்ளிரவு என்றும் பின்னர் அதிகாலை மூன்று மணி என்றும் கூறினார். மனநல மருத்துவர் ரால்ஃப் கிறீன்சன் சாளரத்தை உடைத்து உட்புகுந்தார். இன்னொரு மருத்துவர் வந்து மரணத்தை உறுதி செய்த பின்னரே, ஏறத்தாழ 4.25 மணிக்குப் பொலிசாருக்கு அறிவிக்கப்பட்டது. பிரேத பரிசோதனையை நடத்தியவர் தோமஸ் நொகுச்சி. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 8 மில்லிகிராம் குளோறல் ஐதரேற்றும் 4.5 மில்லிகிராம் பென்ரோபாபிற்றலும் காணப்பட்டன. ஈரலில் பென்ரோபாபிற்றலின் செறிவு 13 மில்லிகிராமாக இருந்தது. இரைப்பை ஏறக்குறைய வெறுமையாக இருந்தது. மாத்திரைகளின் எச்சம் காணப்படவில்லை. இரைப்பையும் குடலும் நச்சியற் பரிசோதனைக்கு உட்படுத்தப்படாமலே அழிக்கப்பட்டன. அப்பரிசோதனையைத் தாம் வற்புறுத்தியிருக்க வேண்டுமென நொகுச்சி பின்னர் தமது நூலிலே ஒப்புக்கொண்டார். மரண விசாரணை அதிகாரி தியடோர் கேர்பி 1962 ஓகஸ்டிலே வழங்கிய முடிவு 'பெரும்பாலும் தற்கொலை' என்பதாகும்.

இவை குறைபாடுகளே. ஆயின் குறைபாடு வேறு, சான்று வேறு. விசாரணையில் ஓரிடம் வெறுமையாக இருப்பின் அவ்வெறுமை எவருடைய குற்றத்துக்கும் சாட்சியாகாது. ஈரலிலே இரத்தத்திலும் பார்க்க அதிகளவு மருந்து காணப்பட்டமை, அது சில மணித்தியாலங்களாக உடலிற் செரிமானமாகிக் கொண்டிருந்தது என்பதையே காட்டுவதாகும். திடீரென ஊசி மூலம் ஏற்றப்பட்டது என்னும் கதைக்கு அது துணை நிற்பதன்று. இவ்விடயத்தைக் கொலைக் கொள்கையினர் பலர் தொடுவதேயில்லை. அதேவேளை, 'பெரும்பாலும்' என்ற சொல்லும் எம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கின்றது. ஒரு மருத்துவர் நெம்பியூற்றல் பழக்கத்தைக் குறைக்க முயன்றுகொண்டிருக்கையில், மற்றொரு மருத்துவர் இறப்புக்கு இரு நாள்களுக்கு முன்னர் அதே மருந்தை எழுதிக் கொடுத்திருந்தார். இதனைத் தற்கொலை, விபத்து, மருத்துவ அசட்டை என்னும் மூன்றனுள் எதனுள் அடக்குவது? கொலையாளியைத் தேடும் அவசரத்தில் இவ்வினாவே கைவிடப்பட்டது.

கொலைக் கதையின் தோற்றுவாயை நோக்குமிடத்து முற்போக்கு வாசகர் அதிர்ச்சியடையவே நேரும். அதனை முதன்முதலாக ஒரு பிரசுரமாக்கி 1964 இல் வெளியிட்டவர் பிராங் கபெல் என்பவர். அவர் தீவிர வலதுசாரி. கம்யூனிச எதிர்ப்பைத் தொழிலாகவே கொண்டிருந்தவர். அப்பொழுது சட்டமா அதிபராகவிருந்த றொபேட் கெனடி கம்யூனிஸ்டுகளுக்கு அனுசரணையானவர் என்றும், அவரைக் காக்கும் பொருட்டுக் கம்யூனிஸ்டுகள் மன்றோவைக் கொன்றனர் என்றும் அவர் வாதிட்டார். சம்பவ இடத்துக்கு முதலிற் சென்ற பொலிஸ் சார்ஜன்ற் ஜாக் கிளெமன்ஸ் என்பவரே இவருக்கு உறுதுணையாக நின்றார். இவ்விருவரும் 1965 இல், மிதவாதச் செனற்றர் ஒருவர் மீது அவதூறு பரப்பச் சதி செய்தமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டோருள் அடங்குவர். எனவே பனிப்போர்க் காலத்து மக்கார்த்தியிசத்தின் எச்சமாகப் பிறந்த ஒரு கட்டுக்கதையே, கம்யூனிஸ்டுகளின் இடத்திலே உளவு நிறுவனத்தை நிறுத்திக்கொண்டு, பின்னாளில் இடதுசாரி வேடம் பூண்டு உலாவந்தது எனலாம். கதையின் எலும்புக்கூடு மாறவில்லை; வில்லன் மட்டுமே மாறினான்.

இம்மாற்றத்துக்கு இலக்கியத் தகுதி வழங்கியவர் நோர்மன் மெயிலர். 1973 இல் வெளிவந்த அவரது 'மரிலின்' புகைப்படங்கள் நிறைந்த பெரும் நூல். மொழியாற்றலில் மெயிலருக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் உளவு நிறுவனங்களுக்குக் கொலைக்கான காரணம் இருந்திருக்கலாம் என்னும் ஊகத்தை அவர் நூலின் இறுதியிலே விதைத்துவிட்டு, அதனை நிறுவும் பொறுப்பை ஏற்காது விலகினார். அவ்வாண்டே தொலைக்காட்சி நேர்முகமொன்றில் வினவப்பட்டபோது, தமக்குப் பணம் தேவைப்பட்டதென வெளிப்படையாகவே கூறினார். அவரது நேர்மையைப் பாராட்டுவதா, நூலை நிராகரிப்பதா என்பதை வாசகரிடமே விட்டுவிடுகிறோம். 1974 இல் றொபேட் ஸ்லற்சர் தாம் மன்றோவின் இரகசியக் கணவர் எனக் கூறிக்கொண்டு ஒரு நூல் வெளியிட்டார். 1982 இல் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டச் சட்டத்தரணியின் அலுவலகம் இக்கூற்றுகளை மீளாய்வு செய்து, கொலை எனக் கொள்ளுதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவுமில்லை என முடிவு கூறியது. மூன்றாண்டுகளின் பின் அன்ரனி சமர்ஸின் பெருநூல் வெளிவந்தது. அதன் உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும் சாட்சிகளின் எண்ணிக்கையே சாட்சியத்தின் தரமாகிவிடும் என்ற மயக்கம் அதிலும் உண்டு.

உளவு பார்க்கப்பட்டமை பொய்யன்று என்பதையும் இங்கு வலியுறுத்தல் வேண்டும். ஆதர் மில்லருடனான உறவு காரணமாகவும், 1962 இல் மெக்சிக்கோவில் இடதுசாரி பிரெடெறிக் வண்டர்பில்ற் ஃபீல்டைச் சந்தித்தமை காரணமாகவும் எஃப்.பி.ஐ. அவரைப் பற்றிய கோவை ஒன்றைப் பேணி வந்தது. மில்லர் 1956 இல் அமெரிக்க விரோத நடவடிக்கைகள் பற்றிய குழுவின் முன் அழைக்கப்பட்டு, தோழர்களின் பெயர்களைக் கூற மறுத்தபோது, மன்றோ தமது தொழிலையே பணயம் வைத்து அவர் பக்கம் நின்றார். கொலைக் கதைகளில் இம்மன்றோவுக்கு இடமில்லை. அங்கு அவர் இரு சகோதரர்களிடையே கைமாறும் பொருளாகவே தோன்றுகிறார்.

மில்லரே அவருக்கு நியாயம் செய்தாரா? 1964 இல் மேடையேறிய 'வீழ்ச்சிக்குப் பின்' நாடகத்தின் மாகி என்னும் பாத்திரத்தை மன்றோவாகவே அக்கால மக்கள் இனங்கண்டனர். அப்பாத்திரத்தின் அழிவு, கதைத்தலைவனின் மனச்சாட்சிப் போராட்டத்துக்கு ஒரு படிக்கட்டாகவே பயன்படுகின்றது. அதனை நெறிப்படுத்தியவர் எலியா கசான் என்பது கசப்பான முரண். 1952 இல் அதே குழுவின் முன் பெயர்களைச் சொன்னவர் அவர். பெயர் சொல்ல மறுத்தவரும் பெயர் சொன்னவரும் கைகோத்த இடம், இறந்துபோன ஒரு பெண்ணின் கதையாக இருந்தது.

இவர்கள் எல்லோரிலும் பார்க்க ஆழமாக நோக்கியவர் நிக்கராகுவாவின் கவிஞர்-பாதிரியார் ஏர்னெஸ்ரோ கார்தெனால் என்பது எமது கருத்து. 1965 இல் வெளிவந்த அவரது பிரார்த்தனைக் கவிதை, குற்றத்தை ஒருவர் மீது சுமத்தி விலகிக்கொள்வதில்லை. மன்றோவுக்கு நடிக்கக் கொடுக்கப்பட்ட கதையை எழுதியோருள் தன்னையும் வாசகரையும் அது சேர்த்துக்கொள்கின்றது. ஆயினும் எமக்கு ஒரு குறை உண்டு. கார்தெனாலின் மன்றோ முழுமையாகவே பலியானவர். கனவு கண்ட கடைச் சிப்பந்திப் பெண். அவர் போராடினார் என்பது கவிதையில் இல்லை.

இப்போராட்டமே மேற்கூறிய எழுத்துகள் அனைத்தும் தவறவிட்ட பகுதியாகும். நோர்மா ஜீன் என்ற இளம்பெண் இரண்டாம் உலகப் போரின்போது, ஆளில்லா இலக்கு விமானங்கள் செய்யும் றேடியோபிளேன் தொழிற்சாலையிலே வேலை செய்துகொண்டிருந்தார். போர்க்காலத்தில் உழைக்கும் பெண்களைப் படம்பிடிக்க வந்த இராணுவப் புகைப்படக்காரரின் கண்ணில் அவர் பட்டார். உழைப்பைக் காட்ட எடுத்த படம் உழைப்பிலிருந்து பிரித்து அவரை ஒரு தோற்றமாக மாற்றிற்று. 1949 இல் பணத்தேவையால் நிர்வாணப் படமொன்றுக்கு நின்றபோது அவர் பெற்றது 50 டொலர். 1953 டிசம்பரில் ஹியூ ஹெஃப்னர் அப்படத்தைக் கொண்டே தமது 'பிளேபோய்' சஞ்சிகையின் முதல் இதழை விற்றார். ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின. மன்றோவுக்கு ஒரு சதமும் சேரவில்லை. ஹெஃப்னர் 1992 இல் மன்றோவின் கல்லறைக்கு அருகிலுள்ள இடத்தை 75,000 டொலருக்கு வாங்கி, 2017 இல் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார் என்பதையும் சொல்லாமல் விட முடியவில்லை.

அதே 1953 இல் வெளிவந்த 'ஜென்ற்ல்மன் பிரிஃபர் புளொண்ட்ஸ்' படத்திலே உடன் நடித்த ஜேன் றசல் மன்றோவிலும் பன்மடங்கு ஊதியம் பெற்றார். மன்றோ நிறுவனத்தின் வாரச் சம்பள ஒப்பந்தத்திற் கட்டுண்டிருந்தார். 1954 இல் தமக்குத் தரப்பட்ட படத்தை ஏற்க மறுத்தமையால் ருவென்ரியத் செஞ்சுரி ஃபொக்ஸ் அவரை இடைநிறுத்தியது. அவர் ஹொலிவூட்டை விட்டு நியூயோர்க் சென்று, புகைப்படக் கலைஞர் மில்ரன் கிறீனுடன் சேர்ந்து சொந்தத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை அமைத்தார். ஓராண்டு கழிய, படமொன்றுக்கு ஒரு இலட்சம் டொலரும் நெறியாளரை ஏற்கவோ மறுக்கவோ உரிமையும் அடங்கிய புதிய ஒப்பந்தத்துக்கு நிறுவனம் பணிந்தது. இது ஒரு தொழிலாளியின் வேலைநிறுத்தம் அன்றி வேறென்ன? தனியொருவர் நடத்திய வேலைநிறுத்தம் என்பதே அதன் வலிமையும் வரம்பும். ஒப்பந்த முறையை அது உடைக்கவில்லை. தமக்கென ஒரு விலக்கையே பெற்றுத் தந்தது.

1962 ஜூனில், 'கிளியோபற்றா' படத்தின் செலவினால் ஃபொக்ஸ் திணறிக்கொண்டிருந்த வேளையில், நோயினால் படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராத மன்றோவை அந்நிறுவனம் விலக்கி, அவர் மீது வழக்கும் தொடுத்தது. மீண்டும் சேர்த்துக்கொள்ளும் பேச்சுகள் நடந்துகொண்டிருக்கையில் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே, நின்றுபோன அப்படத்தின் காட்சிகளையும் சேர்த்து 'மரிலின்' என்ற தொகுப்புப் படத்தை அதே நிறுவனம் திரையிட்டது. அன்டி வோர்ஹோல் அவர் இறந்த சில வாரங்களுக்குள்ளேயே, 'நயாகரா' படத்தின் விளம்பரப் புகைப்படத்தைக் கொண்டு அச்சோவியங்களைத் தொடங்கினார். அவ்வகையில் 1964 இல் உருவான ஓவியமொன்று 2022 இல் நியூயோர்க்கில் 19.5 கோடி டொலருக்கு ஏலம் போனது. ஒரே முகத்தை இயந்திரம்போற் திரும்பத் திரும்ப அச்சிட்ட வோர்ஹோல், பண்டமாதலைக் கண்டித்தாரா கொண்டாடினாரா என்று விமரிசகர் இன்னும் விவாதிக்கின்றனர். ஏலச் சந்தைக்கு அவ்விவாதம் தேவைப்படவில்லை.

தீராத மரணம் இச்சந்தைக்கு மிகவும் வாய்ப்பான பண்டம். தீர்ந்துவிட்டால் அடுத்த நூலுக்கு இடமில்லை. ஜொய்ஸ் கரோல் ஓட்ஸ் 2000 ஆம் ஆண்டில் எழுதிய 'புளொண்ட்' நாவலும் அரசின் கொலையாளியொருவனைக் கொண்டே முடிகின்றது. புனைகதைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களிலே ஆணாதிக்கத்தையும் பட நிறுவனங்களின் கொடூரத்தையும் நுணுக்கமாக விரித்த ஆசிரியர், இறுதியில் ஊசியொன்றைக் கொணர்ந்து நிறுத்தியபோது, அதுவரை குற்றவாளியாக நின்ற சமூகம் விடுதலை பெற்றுவிடுகின்றது.

'லைஃப்' சஞ்சிகையின் 1962 ஓகஸ்ட் 3 இதழில், இறப்புக்கு இரு நாள்களுக்கு முன்னர், மன்றோவின் நீண்ட நேர்முகமொன்று வெளிவந்தது. கொலை நூல்கள் அதனைச் சோகச் சுவைக்காக ஓரிரு வரிகளில் எடுத்தாண்டுவிட்டுக் கடந்து செல்கின்றன. பட நிறுவனம் கலைக்குரிய இடமாக இருக்க வேண்டுமேயன்றி வெறும் உற்பத்திச்சாலையாக இருத்தலாகாது என்றும், கவர்ச்சிச் சின்னம் என்பது ஒரு பொருளாகிவிடுவது, தாம் பொருளாக இருப்பதை வெறுப்பதாகவும் அவர் அதிலே கூறியுள்ளார். தமது நிலையைத் தாமே பெயரிட்டுச் சொன்ன இக்கூற்றுகளை, அவரது ஒப்பந்தங்களோடும் நிறுத்திவைப்புகளோடும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வையே நாம் இன்னும் எதிர்பார்த்திருக்கிறோம்.