புரிசைக் கூத்தும் பிரஞ்சு நெறியாளரும்

மேனாட்டு நாடக நெறியாளருட் கீழைத்தேயக் கூத்துக்களை நாடி வந்தோர் பலர். அவருட் பெரும்பாலார் ஆட்டத்தையும் உடையையும் தம் மேடைக்குக் கொண்டு சென்று, பாட்டையும் மொழியையும் பிறந்த இடத்திலேயே விட்டுச் சென்றனர். கூத்தென்பது பாட்டின்மேல் எழுந்த ஆட்டமாதலின், இவ்வாறு பிரித்தெடுத்தல் நரம்பை விட்டு யாழின் கோட்டை மட்டும் சுமந்து செல்வதை ஒக்கும். பிரஞ்சு நாட்டு நெறியாளர் ஆரியான் மினூஷ்கின் அம்மையாரும் நெடுங்காலம் அவ்வழியிலேயே நடந்தார். பின்னர், முதுமைக் காலத்தில், தமிழ்க் கூத்தைத் தமிழோடு சேர்த்தே எடுத்தார்.

1939ஆம் ஆண்டு பாரிசு நகரின் அயலிற் பிறந்த இவர், 1964இல் தோழரோடு கூடிக் 'கதிரவன் அரங்கு' எனப் பொருள்படும் நாடகக் குழுவை நிறுவினார். அதற்கு முன்னரே ஆசிய நாடுகளிற் பயணஞ் செய்திருந்தார். 1970 முதல் அக்குழு பாரிசை அடுத்த வேன்சேன் காட்டிலுள்ள பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டது. அங்கே நடிகர் ஒப்பனை செய்துகொள்வதை அவையோர் காணலாம். ஓலைக்கொட்டிலின் இடுக்கு வழியே கூத்தர் வேடம் புனைவதை எட்டிப்பார்த்து வளர்ந்த நம்மவர்க்கு இது புதுமையன்று. பாரிசு மக்களுக்கோ பெரும்புதுமை.

1981 தொடங்கி 1984 வரை சேக்ஸ்பியரின் நாடகங்கள் சிலவற்றை யப்பானிய, இந்திய ஆடல்மரபுகளின் சாயலில் அரங்கேற்றினார். 1990இல் தொடங்கிய கிரேக்க நாடக வரிசையிற் குழுவினரின் உடையும் முகவெழுத்தும் கதகளியை நினைவூட்டின. கண்ணுக்கு விருந்தான படைப்புக்கள் இவை என்பதில் ஐயமில்லை. எனினும் சொல் ஐரோப்பாவினது, மேனி ஆசியாவினது. இந்தியப் பிரிவினையைப் பொருளாகக் கொண்டு 1987இல் அரங்கேறிய நாடகத்திலும் பொருள் இந்தியாவாயிற்றேயன்றிச் சொல் பிரஞ்சாகவே நின்றது.

2015 நவம்பரிற் பாரிசு நகரிற் கொடுந்தாக்குதல்கள் நிகழ்ந்தன. அதனையடுத்து அம்மையாரின் குழு புதுச்சேரிக்கு வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் வழிவழியாகக் கூத்தாடி வரும் குடும்பத்தைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான் அக்குழுவினர்க்கு ஆசானாயினார். 2016இல் வேன்சேனில் அரங்கேறிய 'இந்தியாவில் ஓர் அறை' என்னும் நாடகம் இப்பயிற்சியின் பயன். அடுத்த ஆண்டு அது நியூயோர்க்கிலும் ஆடப்பெற்றது.

கதை எளியது. இந்திய நகரொன்றில் தங்கிய பிரஞ்சு நாடகக் குழுவின் நெறியாளர் குழுவைக் கைவிட்டு அகல, கொர்னேலியா என்னும் துணைவி நாடகமொன்றை ஆக்கவேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகின்றாள். செய்வதறியாது உறங்கும் அவள் கனவிற் பயங்கரவாதிகள் வருகின்றனர். சேக்ஸ்பியரும் செக்கோவும் வருகின்றனர். இடையிடையே பாரதக் கூத்தும் வருகின்றது. திரௌபதி துகிலுரியப்படுதலும் கர்ணன் மாய்தலும் தெருக்கூத்து முறையிலே, தமிழ்ப் பாட்டோடு ஆடப்பெறுகின்றன. பல நாட்டுப் பிறப்பினரான நடிகர் புயக்கட்டையும் முடியும் தரித்துத் தமிழில் விருத்தம் பாடுகின்றனர்.

நாடகத்தின் வலிமையும் மெலிவும் இவ்விடத்திற்றான் வெளிப்படுகின்றன. கொர்னேலியாவின் கனவுகளுட் பல துணுக்குக்களாய் நின்றுவிடுகின்றன. உலகத்துத் துன்பமனைத்தையும் ஓர் இரவில் ஓர் அறைக்குள் அடைக்க முயன்றதால், ஒன்று மனத்திற் பதியுமுன் மற்றொன்று வந்து அதனைத் தள்ளிவிடுகின்றது. கொடியோரை நகையாடும் காட்சிகள் சிரிப்பைத் தருமளவுக்கு அச்சத்தைத் தருவனவல்ல. ஆனால் மிருதங்கம் முழங்கக் கூத்து எழும்போது மேடைக்குப் பாரம் வந்துவிடுகின்றது. அவையில் நீதி கேட்டு நிற்கும் ஒரு பெண்ணின் குரல் ஏனைக் கனவுகளனைத்தினும் உரத்து ஒலிக்கின்றது. பிரஞ்சில் மொழிபெயர்த்துப் பாடியிருப்பின் இப்பயன் கிட்டியிராது.

ஒரு குறையையுஞ் சொல்லல் வேண்டும். திரௌபதியம்மன் விழாவிலே பகலிற் பாரதம் படிக்கப்பெற, இரவிற் கூத்து நிகழும். துச்சாதனனாய் வருபவன் சேலையைத் தொடுமுன் அம்மனை வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுதல் வழக்கம். காண்போரும் அவளைப் பாத்திரமாகவன்றித் தெய்வமாகவே காண்பர். அவ்வச்சத்தை வேன்சேனுக்குக் கொண்டுசெல்ல எந்த நெறியாளராலும் இயலாது. அம்மையார் அதற்கு முயலாது, கூத்தைக் கனவாக வைத்துக்கொண்டமை அறிவுடைமையே.

இலங்கையில் இவ்வினா முன்னரே எழுந்ததொன்று. 1956இல் சரச்சந்திரரின் 'மனமே' சிங்கள நாடகத்துக்கு வழிகாட்டிய பின்னர், பேராதனையிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இற் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். விடியுமட்டும் ஆடும் கூத்தைச் சுருக்கினார். வட்டக்களரியை விட்டுப் படச்சட்ட மேடைக்கு மாற்றினார். மரபு குலைந்ததென்றோர் அன்றுமுண்டு. ஆயினும் மட்டக்களப்பு அண்ணாவியாரிடம் பயின்ற ஆட்டமும் பாட்டும் அவர் கையிற் கெடவில்லை. நேரத்தைக் குறைப்பது வேறு, பயிற்சியைக் குறைப்பது வேறு.

வன்னிப் பெருநிலத்தில் இவ்வேறுபாடு இன்று வெறும் நூலாராய்ச்சியன்று. காத்தவராயனும் கோவலனும் ஆடிய ஊர்கள் இவை. 2008இன் இறுதியிற் பூநகரி மக்கள் வீடும் உடைமையும் விட்டு அகன்றனர். கூத்துக் கொப்பியும் மத்தளமும் அவ்வுடைமையுள் அடங்கும். மீண்டு வந்த பின்னர் மூத்தோர் நினைவிலிருந்தே பாட்டுக்களை எடுக்கவேண்டியதாயிற்று. பாடசாலைகளிலோ போட்டிக்கு ஒரு மாதம் இருக்கையில் அண்ணாவியாரைத் தேடுகின்றோம். தரு இரண்டைப் பொறுக்கி, வரவாட்டத்தை வெட்டி, பின்பாட்டை ஒலிப்பதிவுக் கருவியிடம் ஒப்படைத்து, குறித்த நிமிடத்துக்குள் முடிக்கின்றோம். தமிழறியாத நடிகர் தம்பிரானிடம் எழுத்தெழுத்தாய்க் கேட்டுப் பயின்ற பாட்டை, தமிழ்ப் பிள்ளைகள் வாயசைத்து ஆடுகின்றனர்.