நீ, நீங்கள்

தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் போகிற வழியில் எல்லை தாண்டியதும் வரும் ஊர் பூவம். அங்கே ஒரு டீக்கடையில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். இந்தப் பக்கத்தில் இவர்களை 'சொல்தா' என்பார்கள். ஆர்வக்கோளாறில் 'போன்ழூர்' என்றேன்.

"பின்னாடி 'மிஸ்யே' சேர்க்கணும் சார். இல்லாட்டி பாதி வணக்கம்தான். அங்க எல்லாரும் 'வூ' போட்டுத்தான் பேசுவான். இங்க ஒரு ஆபீசுக்குப் பேப்பர் எடுத்துக்கிட்டுப் போனா, பேரன் வயசுப் பையன் 'நீ யாருய்யா'ங்கறான்."

'வூ' நம் 'நீங்கள்'. 'தூ' நம் 'நீ' (துப்புகிற தூ இல்லை). போலீஸ் பொதுமக்களிடம் 'வூ' போட்டுத்தான் பேச வேண்டும் என்று 2014-லிருந்து பிரான்சில் விதியே இருக்கிறது!

வீட்டுக்கு வந்து, இந்தக் காதோடு இரண்டு நாவல்களை மறுபடி புரட்டினேன்.

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' (1942). பக்கத்து வீட்டு ரெமோன், மெர்சோவிடம் ஒரு வில்லங்கமான கடிதத்தை எழுதி வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் 'தூ'வுக்கு மாறிவிடுகிறான். மெர்சோவுக்கு அது தாமதமாகத்தான் உறைக்கிறது. மறுப்பதுமில்லை. அவன் மாட்டிக்கொள்வதே இப்படித்தான். 'யூ' ஒன்றே உள்ள இங்கிலீஷில் இந்த இடத்தில் ஏதாவது ஒட்டுவேலை செய்தாக வேண்டும். தமிழில் 'ஒருமையில் பேசினான்' என்றால் தீர்ந்தது.

செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' (1943). இளவரசனும் ரோஜாவும் 'வூ', 'வூ' என்றே பிணங்கிக்கொள்கிறார்கள். அவன் கிரகத்தை விட்டுக் கிளம்பும்போதுதான் அவள் 'தூ'வுக்கு இறங்கி மன்னிப்புக் கேட்கிறாள், காதலையும் சொல்கிறாள். டூ லேட். இங்கிலீஷில் படிப்பவருக்கு இந்தக் கதவு திறக்கும் சத்தமே கேட்காது.

இரண்டையும் பிரெஞ்சிலிருந்தே நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்தது க்ரியா. முன்னது வெ. ஸ்ரீராம், பின்னது அவரும் ச. மதனகல்யாணியும். ஆனால் 'உலக இலக்கியம்' என்று இங்கே வருவதில் பல, இங்கிலீஷ் வழியாகத்தான் வருகின்றன. யார் 'நீ', யார் 'நீங்கள்' என்று மொழிபெயர்ப்பாளர் குத்துமதிப்பாக முடிவு செய்கிறார். வித்தியாசம் உள்ள ஒரு மொழியிலிருந்து வித்தியாசம் உள்ள இன்னொரு மொழிக்கு, வித்தியாசமே இல்லாத மொழி வழியாகப் பயணம்! தரங்கம்பாடியிலிருந்து பூவத்துக்கு லண்டன் வழியாக டிக்கெட் எடுக்கிற மாதிரி.

அன்று கிளம்பும்போது ஞாபகமாக 'ஓ ரெவ்வார், மிஸ்யே' என்றேன். பெரியவர் சிரித்துவிட்டு, "போயிட்டு வாப்பா" என்றார்.

'தூ'தான். கோபமே வரவில்லை.