கையெழுத்துக்குப் பிறகும் ஒரு வாசல்

பள்ளிக் குடிமையியல் பாடம் மசோதாவின் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறது: அறிமுகம், விவாதம், இரு அவைகளின் ஒப்புதல், குடியரசுத் தலைவரின் கையெழுத்து. மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை அந்தப் பாடத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தால், பாடம் சொல்லாமல் விட்ட இடங்களே என் கண்ணில் படுகின்றன.

1996 செப்டம்பரில் மக்களவைக்கு வந்த மசோதாவை கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக் குழு ஆராய்ந்து, அந்த டிசம்பரிலேயே அறிக்கை தந்தது. அவை கலைந்ததும் மசோதா காலாவதியானது. 1998இல் சட்ட அமைச்சர் தம்பிதுரையின் கையிலிருந்த நகல் அவையிலேயே பறித்துக் கிழிக்கப்பட்டது. 1998, 1999 மசோதாக்களும் காலாவதியாயின.

2008இல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தினார்கள். அங்கே நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தாலும் காலாவதியாகாது. அரசமைப்பின் 107ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு அது. 2010 மார்ச் 9 அன்று 186க்கு 1 என நிறைவேறியது. நிறைவேறி மக்களவைக்குப் போனதுமே அந்தப் பாதுகாப்பு நீங்கிவிட்டது. நான்கு ஆண்டுகள் வாக்கெடுப்புக்கே எடுக்காமல் வைத்திருந்து, 2014இல் காலாவதியாக விட்டார்கள். எதிர்த்து வாக்களித்த பழி யாருக்கும் வரவில்லை. பெண்களிடம் ‘முடியாது’ என்று சொல்லும் வேலையை நடைமுறையே பார்த்துக்கொண்டது.

2023 செப்டம்பரில் எல்லாம் மூன்றே நாளில் முடிந்தது. மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் எதிர்ப்பே இல்லாமல் 214. செப்டம்பர் 28 அன்று கையெழுத்தும் ஆனது. ஆனால் அன்று நிறைவேறிய 334அ பிரிவு வேறொரு வாசலைக் காட்டியது: சட்டம் நடைமுறைக்கு வந்தபின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகி, அதன்படி தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே ஒதுக்கீடு. இரண்டுக்கும் அதில் கெடு இல்லை.

ஒப்பிட உள்ளாட்சி இருக்கிறது. பஞ்சாயத்துகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்த 73ஆம் திருத்தம், 1993 ஏப்ரல் 20 அன்று கையெழுத்தாகி 24 அன்றே நடைமுறைக்கு வந்தது. தங்கள் சட்டங்களைத் திருத்த மாநிலங்களுக்கு ஓராண்டுதான் அவகாசம். மனம் இருந்தால் கெடு வைக்கத் தெரிந்தவர்கள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிற்படுத்தப்பட்ட பெண்களுக்கான ஒதுக்கீட்டை உரிய காலத்தில் பரிசீலிக்குமாறு 1996இன் குழு பரிந்துரைத்தது. 27 ஆண்டுகள் கழித்தும் அந்தக் காலம் வரவில்லை. சட்டத்தில் அவர்கள் இல்லை.

வாக்கு எண்ணிக்கையைப் பார்த்து நாம் கைதட்டினோம். இனி நம் பெயரில் ஒரு மசோதா வந்தால், அது என்ன தருகிறது என்பதோடு, யாருக்கு, எந்தத் தேதியில் என்று சொல்லும் பிரிவையும் தேடிப் படிப்போம். தேதி இல்லையென்றால் அவையில் இருக்கும்போதே கேட்போம்.