‘நீ’யும் ‘நீங்க’ளும்: ஒலியா லியாலினாவின் இணையப் படைப்பும் தமிழின் முன்னிலையும்

இணையத்திற்கென்றே உருவாக்கப்பட்ட கலைப்படைப்புகளை ஓவியத்தின் கிளையாகவோ கணிப்பொறித் தொழில்நுட்பத்தின் விளைபொருளாகவோ கொள்ளும் போக்கு பரவலாக உள்ளது. அவற்றுள் சில முதன்மையாக மொழிப் படைப்புகள் என்பது இதனால் மறைந்துவிடுகிறது. ரஷ்யக் கலைஞர் ஒலியா லியாலினா 1996இல் ஆங்கிலத்தில் உருவாக்கிய ‘மை பாய்ஃபிரண்ட் கேம் பேக் ஃபிரம் தி வார்’ அத்தகையதோர் படைப்பு. காதலும் ஐயமும் வேட்கையும் கணிப்பொறித் திரையின் பிளவுகளுக்கிடையே எவ்வாறு உருமாறுகின்றன என்பதே அதன் பொருள். அதனைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் சந்திக்கும் முதல் இடர் தொழில்நுட்பம் சார்ந்ததன்று. முன்னிலைப் பெயரைச் சார்ந்தது.

லியாலினா 1971இல் மாஸ்கோவில் பிறந்தவர். திரைப்பட விமர்சனத்திலிருந்து இணையக் கலைக்கு வந்தவர். படத்தொகுப்பு பற்றிய அறிவு இப்படைப்பின் அமைப்பில் தெளிவாகத் தெரிகிறது. போரிலிருந்து காதலன் திரும்பியிருக்கிறான். உணவுக்குப் பின் மற்றவர்கள் இருவரையும் தனியே விட்டுச் செல்கின்றனர். கதை இவ்வளவே. எந்தப் போர் என்று படைப்புக் கூறவில்லை. 1994 முதல் 1996 வரை முதல் செச்சென் போர் நடந்ததை வாசகர் நினைவுகூரலாம். படைப்பு அதனை வேண்டவுமில்லை, விலக்கவுமில்லை. முல்லைத் திணைப் பாடல்களில் வினைமுற்றித் தலைவன் மீளும் காட்சியில் பழகிய தமிழ் வாசகருக்கு ஒன்று உடனே புலப்படும். அங்கு மீட்சியோடு துயர் நீங்குகிறது. இங்கு மீட்சிக்குப் பின்னரே இடர் தொடங்குகிறது.

நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு 1996இல் சட்டக முறையை அறிமுகப்படுத்தியது. ஒரே திரையைப் பல சட்டகங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பக்கத்தைக் காட்ட அம்முறை உதவிற்று. தளங்களை அமைப்போர் பெரும்பாலும் அதனை ஓரத்தில் பொருளடக்கம் காட்டவே பயன்படுத்தினர். லியாலினா அதனை உரையாடலின் இலக்கணமாக்கினார். கருந்திரையில் வெண்ணிறச் சொற்களும் சில கறுப்பு வெள்ளைப் படங்களும் தோன்றுகின்றன. ஒரு சொல்லைச் சொடுக்கினால் அச்சட்டகத்தில் அடுத்த சொல் வருகிறது, அல்லது அச்சட்டகமே இரண்டாகவோ நான்காகவோ பிளவுபடுகிறது. எந்தச் சட்டகத்தை முதலில் தொடுவது என்பது வாசகர் விருப்பம். பேச்சு வளர வளர அது நிகழும் இடம் சுருங்குகிறது. முடிவில் திரை வெறுங்கருங்கட்டங்களாக எஞ்சுகிறது. (2014இல் இறுதியாக்கப்பட்ட ஐந்தாம் எச்.டி.எம்.எல். தரம் சட்டக முறையை வழக்கொழிந்ததாக அறிவித்தது. வழக்கொழிந்த சொற்களை அகராதிகள் கைவிடாதது போல உலாவிகளும் அதனைக் கைவிடவில்லை. படைப்பு இன்றும் இயங்குகிறது.)

இப்படைப்பின் நுட்பம் ஒன்றை மொழியியலார் தவறவிடலாகாது. எந்தச் சொல் எவர் வாயிலிருந்து வருகிறது என்பதற்கு எக்குறிப்பும் இல்லை. பெயர் இல்லை, மேற்கோள் குறி இல்லை. சட்டகத்தின் இடமும் துணைசெய்வதில்லை. இடப்புறம் அவன், வலப்புறம் அவள் என்ற ஒழுங்கு இறுதிவரை பேணப்படவில்லை. கடந்த கோடையில் ஒருமுறை நடந்துவிட்ட ஏதோவொன்று பற்றிய ஒப்புதல் வருகிறது. அதனை அவளுடையதென்றே வாசகர் பலரும் கொள்ளக்கூடும். போர்முனையிலிருந்து வந்தவனுடையதாகவும் அது இருக்கலாம். மணம் வேண்டுவது யார், நாளைத் தள்ளிப்போடுவது யார் என்பதும் அவ்வாறே. அகப்பாடல்களும் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுவதில்லை. ஆயினும் அவற்றைத் தொகுத்தோர் தலைவி கூற்று, தோழி கூற்று எனக் குறிப்பெழுதி உதவினர். இங்குக் கூற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு வாசகரின் விரலிடம் விடப்பட்டுள்ளது.

இவ்வமைப்புக்கு ஆங்கிலம் இன்றியமையாதது. லியாலினாவின் ஆங்கிலம் எளியது. பிறமொழியாளர் ஒருவரின் ஆங்கிலம் என்பது ஓரிரு தொடர்களிலேயே தெரியும். இதனைக் குறையாகக் கருதுவது மேம்போக்கான வாசிப்பு. ரஷ்ய மொழியில் இறந்தகால வினை பால் காட்டும். ‘சொன்னேன்’ என்பதை ஆண் ‘ஸ்கஸால்’ என்றும் பெண் ‘ஸ்கஸாலா’ என்றும் கூறவேண்டும். தன்மையில் நின்று தன் செயலைச் சொல்லும் எவரும் அம்மொழியில் தம் பாலை மறைத்தல் அரிது. தாய்மொழியில் வினைவிகுதி காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒன்றை லியாலினாவின் ஆங்கிலம் மறைத்து வைக்கிறது. அவர் இதனைக் கருதியே ஆங்கிலத்தைத் தேர்ந்தார் என்பதன்று. இணையத்தின் பொதுமொழியாக அது இருந்ததே போதிய காரணம். விளைவு மட்டுமே இங்குக் கருதத்தக்கது.

தமிழில் தன்மை வினையும் முன்னிலை வினையும் பால் காட்டுவதில்லை. ‘சொன்னேன்’ இருபாலுக்கும் பொது. ‘சொன்னாய்’ என்பதும் பொது. ஆகவே ரஷ்யத்தைவிடத் தமிழ் இப்படைப்புக்கு இசைவானது என்று தோன்றும். இத்தோற்றம் நீடிப்பதில்லை. மனைவி கணவனை ‘நீங்கள்’ என்றும் கணவன் மனைவியை ‘நீ’ என்றும் விளிக்கும் வழக்கு தமிழகத்தில் இன்றும் பரவலானது. இவ்வழக்கைப் பின்பற்றினால் ஒவ்வொரு சட்டகத்திலும் பேசுபவர் யார் என்பது மரியாதை விகுதியாலேயே அம்பலமாகிவிடும். ரஷ்யம் பாலால் வெளிப்படுத்துவதைத் தமிழ் மதிப்பால் வெளிப்படுத்துகிறது. தலைப்பே சிக்கலைத் தொடங்கி வைக்கிறது. ‘திரும்பி வந்தான்’ என்றால் ஓர் உறவு. ‘திரும்பி வந்தார்’ என்றால் மற்றோர் உறவு. ஆங்கிலத் தலைப்பில் இவ்விரண்டும் இல்லை.

இருவரையும் ‘நீ’ என்றே பேசவைப்பது எளிய தீர்வு. சங்கப் பாடல்களில் அரசனும் ‘நீ’ என்றே விளிக்கப்படுகிறான். அக்கால ‘நீ’யில் இன்றைய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் அந்நடையில் பெயர்த்தால் உணவுமேசையை விட்டு எழுந்த இருவரின் திக்கித்திணறும் பேச்சு செய்யுள் வாடை பெறும். இக்கால இளையோர் பேச்சிலும் ஒத்த ‘நீ’ உண்டு. அங்கு ‘டா’வும் ‘டி’யும் உடன் வந்து முன்னிலையாரின் பாலைச் சொல்லிவிடக் காத்திருக்கும். அவற்றைத் தவிர்த்துத் தட்டையாக எழுதப்பட்ட ‘நீ’யே எஞ்சுகிறது.

மற்றொரு வழி தமிழ் இலக்கணத்திற்குள்ளேயே உள்ளது. இது கூடுதல் கவனத்திற்குரியது. ‘நம்பவில்லை’, ‘முடியாது’, ‘வேண்டாம்’, ‘கூடாது’, ‘செய்யலாம்’ முதலிய வடிவங்கள் திணை, பால், எண், இடம், மதிப்பு எதனையும் காட்டுவதில்லை. ஐயம், மறுப்பு, தயக்கம், நாள் குறித்தல் ஆகியவற்றை இவ்வடிவங்களாலேயே பெரும்பாலும் அமைத்துவிடலாம். ‘நம்பிக்கை இல்லை’ என்று எழுதினால் நம்பாதவர் யார், நம்பப்படாதவர் யார் என்பது மூலத்தைவிடவும் ஆழமாக மறையும்.

ஆயின் பார்க்கச் சொல்லுதல், முத்தம் கேட்டல், மணம் வேண்டல் ஆகியவை மூலத்தில் ஏவல் தொடர்களாக நிற்கின்றன. தமிழ் ஏவல் ஒருமையையும் மதிப்புப் பன்மையையும் வேறுபடுத்தியே தீரும். ‘-லாம்’ என முடித்தால் அது யோசனையாகிறது. ‘வேண்டும்’ என முடித்தால் விண்ணப்பமாகிறது. ஏவலின் அப்பட்டமான கேட்பு இரண்டிலும் இல்லை. ஐயுறும்போது தமிழில் முகத்தை மறைத்துக்கொள்ள முடிகிறது, ஆசைப்படும்போது முடிவதில்லை. மொழிபெயர்ப்பாளர் ஏவலை ஏவலாகவே ஒருமையில் நிறுத்தி, அதனால் வரும் சமூகக் குறிப்பை ஏற்றுக்கொள்வதே தக்கது. வேட்கை தணிந்த பெயர்ப்பில் சட்டகங்கள் பிளவுபடுவதற்கே காரணமில்லாமல் போகும்.

பின்வந்த கலைஞர்கள் பலர் இப்படைப்பை வேறு ஊடகங்களுக்கு மாற்றினர். அம்மாற்றங்களை லியாலினாவே ‘லாஸ்ட் ரியல் நெட் ஆர்ட் மியூசியம்’ என்னும் பெயரில் இணையத்தில் தொகுத்தார். 2016இல் பாசல் நகரில் இருபதாம் ஆண்டுக் கண்காட்சியும் நடைபெற்றது. தமிழ்ப் பெயர்ப்பு முயலப்படுமாயின் சட்டகத்தின் அகலமும் தொல்லை தரும். ஆங்கிலத்தில் ஓரசைச் சொல் அமரும் கட்டத்தில் ‘செய்துகொள்ளலாம்’ அடங்காது.

இதனினும் பெரிய வினா தொடக்கத் தொடரிலேயே உள்ளது. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மை கேட்பவரை உளப்படுத்துகிறதா இல்லையா என்று சொல்வதில்லை. தமிழில் ‘எங்களைத் தனியே விட்டனர்’ என்றால் வாசகர் அறைக்கு வெளியே நிற்கிறார். ‘நம்மை’ என்றால் அத்தொடர் காதலனின் காதில் சொல்லப்படுவதாகிறது. தலைப்பில் அவன் படர்க்கையாக வருவதால் ‘எங்களை’ என்பதே இலக்கணத்திற்கு இயைபுடையது. ஆனால் வெளியே நிறுத்தப்பட்ட அந்த வாசகர் சொடுக்கினாலன்றி உள்ளே இருவரும் ஒரு சொல்லும் பேசுவதில்லை.