300 எம்பிபிஎஸ் இருக்கு, பேச்சு மட்டும் ஏன் உடையுது?

வீடியோ அழைப்பு சரியில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "உங்க நெட் ஸ்பீடு எவ்வளவு?" ஸ்பீட் டெஸ்ட் போட்டுக் காட்டினால் 300 என்று வரும். "அப்புறம் என்ன, நெட் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பழியைத் தூக்கி லேப்டாப் மேல் போட்டுவிடுவார்கள். லேப்டாப்பும் புதுசு என்றால் பேச்சு அதோடு முடிந்தது. என்னைக் கேட்டால் அந்த முதல் கேள்வியே தப்பு. நிறுவனங்கள் எந்த எண்ணை விற்கின்றனவோ அதையே நாமும் அளந்துகொண்டிருக்கிறோம்.

கணக்கைப் பாருங்க. 720பி தரத்தில் இரண்டு பேர் பேச, இரு திசையிலும் இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். குரலுக்கு அதுகூட வேண்டாம்; ஓபஸ் கோடெக் 32 கேபிபிஎஸ்ஸிலேயே தெளிவான பேச்சைக் கொடுத்துவிடும். 100-லிருந்து 300-க்கு மாறினால் அழைப்புக்குப் பெரிதாக ஒன்றும் கூடப்போவதில்லை. "யூடியூப்ல 4கே ஓடுது, ஜூம் மட்டும் திணறுது" என்ற புகாரிலும் முரண்பாடு இல்லை. யூடியூப் சில நொடிக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு நொடி தடங்கல் வந்தாலும் நமக்குத் தெரியாது. எதிரில் இருப்பவர் இன்னும் பேசாத வார்த்தையை எங்கிருந்து இறக்கி வைப்பது?

பேச்சுக்கு முக்கியம் தாமதம். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நல்லது, 400-ஐத் தாண்டக்கூடாது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து மொழிகளில் அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2009-ல் வந்தது. சராசரி இடைவெளி கிட்டத்தட்ட 200 மில்லிசெகண்டுதான். அதற்குள் அரை நொடி புகுந்தால் என்ன ஆகும்? இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க".

இதில் என்னை உறுத்துவது இன்னொன்று. ஜெர்மனியில் ஷோனென்பெர்க், ராக்கே முதலானோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இணைப்பின் தாமதத்தைக் கேட்பவர்கள் இணைப்பின் குறையாக உணர்வதில்லை. எதிரில் பேசுபவரின் குணமாக எடுத்துக்கொள்கிறார்கள்: கவனமில்லாதவர், ஒட்டாதவர் என்று. வீடியோவில் வேலைக்கு நேர்காணல் கொடுப்பவரை நினைத்துப் பாருங்கள். ரவுட்டர் செய்த தாமதத்துக்கு மதிப்பெண் இவருக்குக் குறையும். இரண்டு பக்கமும் அது தெரியவே தெரியாது.

தாமதம் எங்கே முளைக்கிறது? பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே, மோடம் அல்லது ரவுட்டரின் வரிசையில். கேபிள் இணைப்புகளில் கீழிறக்கும் வேகம் 300 என்றாலும் மேலேற்றும் வேகம் அதில் சிறு பங்குதான். 10 என்று வைத்துக்கொள்வோம். கைபேசி சத்தமில்லாமல் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றத் தொடங்குகிறது. ரவுட்டரில் ஒரு மெகாபைட் இடம் இருந்தால் அது நிரம்பிவிடும். ஒரு மெகாபைட் என்பது 8 மெகாபிட். 10 எம்பிபிஎஸ்ஸில் அது வெளியேற 0.8 நொடி. உங்கள் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது, ரேஷன் கடையில் ஒரே ஒரு தீப்பெட்டி வாங்க வந்தவர் மாதிரி. அழைப்புச் செயலியும் சும்மா இருப்பதில்லை. வெப்ஆர்டிசியில் கூகுள் கொண்டுவந்த நெரிசல் கட்டுப்பாடு, தாமதம் ஏறுவதைக் கண்டதும் வீடியோவின் பிட்ரேட்டைக் குறைத்துவிடும். முகம் மங்கலாவது இதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பைத் துருவிப் பார்த்து இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த எஃப்கியூ-கோடெல் 2018-ல் ஆர்எஃப்சி 8290 ஆக வந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டரில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் ஏன் எல்லா வீட்டிலும் இல்லை? வரிசை நம் ரவுட்டரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டுமானால், வேகத்தை உண்மையான அளவைவிட ஐந்து பத்து சதவீதம் குறைத்து வைக்க வேண்டும். அதாவது, அழைப்பைச் சரிசெய்தால் ஸ்பீட் டெஸ்ட் எண் இறங்கும். இறங்கும் எண்ணை எந்த விற்பனையாளர் விளம்பரத்தில் போடுவார்?

அளவுகோல்களும் இதற்குத் துணைபோகின்றன. ஸ்பீட் டெஸ்ட் நமக்குப் பெரிதாகக் காட்டும் பிங், இணைப்பு சும்மா இருக்கும்போது எடுத்தது. ஆளில்லாத சாலையில் அளந்த பயண நேரம்! ஊக்லா 2022-ல் சுமையின்போதான தாமதத்தையும் சேர்த்தது, நல்ல விஷயம்தான். ஆனால் கண்ணில் படுவது இன்னும் அந்தப் பெரிய எண்தான். அமெரிக்காவில் 2024 முதல் இணையத் திட்டங்களுக்கு ஒட்ட வேண்டிய தகவல் பட்டியலில் தாமதமும் ஒரு வரியாக வருகிறது. பாராட்டலாம், ஆனால் வரிசை நிரம்பும்போது அது எவ்வளவு ஏறும் என்ற வரி அதில் இல்லை.

ஃபைபர் வந்துவிட்டால் எல்லாம் தீருமா? வேகம் கூடினால் வரிசை சீக்கிரம் கரையும், அது உண்மை. ஆனால் நெரிசல் வைஃபைக்கு இடம் மாறுகிறது. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் அவற்றைப் பக்கத்து வீட்டோடும் மேல்வீட்டோடும் பங்கு போட வேண்டும். நூறு இருநூறு ரூபாய் லேன் கேபிள் பல நேரம் திட்டத்தை உயர்த்துவதைவிட அதிகம் உதவும்.

"நல்ல ஹார்டுவேர்" என்பதிலும் ஒரு ஏமாற்று இருக்கிறது. விலை உயர்ந்த ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு அருமையாக இருக்கும். மைக்கைத் திறந்த உடனே வழக்கமான ப்ளூடூத் ஏ2டிபி-யை விட்டு எச்எஃப்பி முறைக்கு மாறும். ஒலி 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் மோனோவாகச் சுருங்கும். பெட்டியின் மேல் ஸ்டூடியோ தரம் என்று எழுதியிருக்கும், மறுமுனைக்குப் போவது பழைய டெலிபோன் குரல். இருநூறு ரூபாய் ஒயர் இயர்போன் இதில் அதை ஜெயித்துவிடும்.

உங்கள் வீட்டில் பிரச்சினை எது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு ஜன்னலில் பிங் ஓடவிட்டு, இன்னொன்றில் பெரிய கோப்பு ஒன்றை ஏற்றுங்கள். 20 என்றிருந்தது 400, 500 என்று ஏறினால் வரிசைதான் குற்றவாளி. கேபிள் சொருகியதும் அடங்கிவிட்டால் வைஃபை. மேக் வைத்திருப்பவர்களுக்கு 2021-ன் மான்ட்டரேயிலிருந்து நெட்வொர்க்குவாலிட்டி என்ற கட்டளையே இருக்கிறது. சுமையின்போது ஒரு நிமிடத்தில் எத்தனை முறை போய்வர முடிகிறது என்று சொல்லும். அடுத்த முறை திட்டத்தை உயர்த்தச் சொல்லி போன் வந்தால், சுமையின்போது தாமதம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்க.